அண்ணனுக்கு இல்லாத சர்க்கரை

என் அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி என்பது குன்னத்தைச் சுற்றியுள்ள எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பந்தி பரிமாறுகிறவர்கள் அவர் இலை வந்ததும் கேசரி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். அவருக்கு மட்டும் காபி தனி டம்ளரில் வரும். அண்ணி இரண்டு வருடமாக வெந்தயம் ஊறவைத்தார், பாகற்காய் வதக்கினார், காலையில் கேழ்வரகுக் களி கிண்டினார். பொங்கலன்று சாமிக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலை அவர் கண்ணில் படாமல் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி இருந்ததே இல்லை.

நான் பெரம்பலூரில் ஒரு நாளிதழின் செய்தியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் கவனித்துக் குறித்துக்கொள்வது என் பிழைப்பு. அண்ணன் ராத்திரியில் பலமுறை எழுந்து வெளியே போவதைக் கவனித்திருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது பாதி வழியில் யாரையோ பார்க்க வேண்டும் என்று இறங்கி, அடுத்த பஸ்ஸில் வந்து சேர்வதையும் கவனித்திருக்கிறேன். சர்க்கரை இருப்பவர்களுக்கு அப்படித்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை அரியலூருக்கு டெஸ்ட் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். டாக்டர் மாத்திரை வேண்டாம், சாப்பாட்டிலேயே கட்டுப்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்று வந்து சொல்வார்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்தில், சாப்பிட்டு முடித்த ஆண்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒங்களுக்கு எவ்வளவு இருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"நூத்தி எழுபது" என்றார் அண்ணன்.

"சாப்புடறதுக்கு முன்னயா, பின்னயா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "முன்ன."

"அப்ப ஜாஸ்தி. கொய்யா எலைய கொதிக்க வச்சுக் குடிங்க" என்றார் அவர். இன்னொருவர் ஆவாரம்பூ என்றார். பேச்சு வெகுநேரம் போனது. அண்ணன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

தை மாதக் கடைசியில், காட்டில் மக்காச்சோளம் ஒடித்துக்கொண்டிருந்த சமயம், காலையில் அண்ணி போன் செய்தார்.

"தம்பி, உங்கண்ணனுக்கு நீர் பிரியல. விடிஞ்சதுலேருந்து முக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு. சுகரு ஏறிடுச்சுபோல. கார் எடுத்துக்கிட்டு வாங்க."

வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் முன்சீட்டில் ஏறி இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை. அரியலூர்ச் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் கார் ஊர்ந்தது. அரியலூர் எல்லைக்கு வந்ததும் டிரைவர், எந்த டாக்டர் என்று கேட்டார்.

"உங்க சுகர் டாக்டரு எங்க இருக்காரு, வழி சொல்லுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி மறுபடியும் கேட்டார்.

"ஏதாச்சும் ஒரு ஆஸ்பத்திரிக்கு விடுய்யா" என்று டிரைவரிடம் சொன்னார் அண்ணன்.

நாங்கள் போய் நின்ற ஆஸ்பத்திரியில் நர்ஸ் விவரம் கேட்டபோது அண்ணிதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். சுகர் பேஷண்ட், மாத்திரை கிடையாது, சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான். அண்ணனை உள்ளே அழைத்துப் போய் டியூப் போட்டார்கள். நாங்கள் உள்ளே போனபோது கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பை நிரம்பிக்கொண்டிருந்தது. அண்ணனின் முகம் இளகியிருந்தது. நர்ஸ் அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"காலையில சாப்பிட்டாரா?"

"களி சாப்பிட்டாருங்க."

"நூத்தி எட்டு. இவருக்குச் சுகரெல்லாம் இல்லம்மா. யாரு சொன்னது?"

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையைப் பார்த்தேன். பையில் அளவுக் கோடுகள் போட்டிருந்தன. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர். "எவ்வளவு நாளா ஐயா சிரமம்? ராத்திரி எந்திரிக்கிறது, சொட்டுச் சொட்டாப் போறது?"

"ரெண்டு மாசமா" என்றார் அண்ணன்.

"ரெண்டு வருஷமா" என்றார் அண்ணி.

டாக்டர் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார். ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. சற்று நேரத்தில் திரை விலகியது. அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சினை பாக்குற மாதிரி பாத்துட்டான்டா."

"என்ன சொன்னாரு?"

"கன்னுக்குட்டி இல்லேன்னான்."

டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி. வயதானால் எல்லா ஆண்களுக்கும் கொஞ்சம் வீங்கும், வழியை அடைக்கும். பெரும்பாலும் அது சாதாரண வீக்கம். ஆனால் இவருக்கு ஒரு பக்கம் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. புற்றுநோயா என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, ஆனால் இப்படி அடைத்துக்கொண்ட நேரத்தில் எடுத்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். சில வாரம் கழித்து வாருங்கள். கட்டாயம் வாருங்கள்.

நீர் இறங்குவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வாரம் டியூபை எடுத்தார்கள். நீர் நன்றாகப் போனது. அதோடு முடிந்துவிட்டது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார்.

டாக்டர் சொன்ன வாரம் வந்தபோது நான் ஊருக்குப் போனேன். சின்ன வெங்காயம் பிடுங்கியிருந்தார்கள். விலை ஏறும்வரை வைத்திருக்க, கீழே கல் அடுக்கி, பக்கத்தில் படல் கட்டி, மேலே கீற்று வேய்வார்கள். பட்டறை என்று பெயர். அண்ணன் அந்த வேலையில் இருந்தார்.

"நாளைக்கு அரியலூர் போகணும்ணே."

"தண்ணி நல்லாப் போவுது. அப்பறம் என்னத்துக்கு?"

"கெட்டியா இருக்குன்னாரே."

"இந்த வயசுல எது கெட்டியா இருந்தாலும் சந்தோசப்பட வேண்டியதுதான்." கீற்றை இழுத்துக் கட்டினார். வேலையாட்கள் சிரித்தார்கள். அவர்கள் தண்ணீர் குடிக்கப் போன பிறகு நான் கேட்டேன்.

"சுகருன்னு ஏண்ணே சொன்னீங்க?"

கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்து முடிச்சைப் போட்டுவிட்டுப் பேசினார். "சுகருன்னா எவ்வளவு இருக்குன்னு கேப்பான். அவனுக்கும் இருக்கும், அவன் பொண்டாட்டிக்கும் இருக்கும். உக்காந்து பேசலாம். இத என்னன்னு சொல்றது? குழா ரிப்பேருன்னா? சாகற வரைக்கும் அதே பேரச் சொல்லித்தான் கூப்புடுவானுவ."

அவர் சொன்னதில் தவறில்லை. செய்தியாளராக இருந்த காலத்தில் நான் எழுதிய முகாம் செய்திகளில் கண் முகாம் உண்டு, சர்க்கரை முகாம் உண்டு, பெண்களுக்கான முகாம் உண்டு. இதற்கென்று ஒரு முகாமுக்கு நான் போனதாக நினைவில்லை. இதனால் இறந்த ஆண்கள் இருந்திருப்பார்கள். 'உடல்நலக் குறைவால் காலமானார்' என்றுதான் செய்தி வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அண்ணி அண்ணனிடம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் சமையலை மாற்றவும் இல்லை. அன்று மத்தியானம் என் தட்டில் சோறும் கறிக்குழம்பும் இருந்தன. அண்ணனுக்கு எதிரில் களி, பாகற்காய்.

"சுகரு இல்லேன்னுதான் சொல்லிட்டாங்கள்ல" என்றார் அண்ணன்.

"நர்ஸம்மா சொன்னா ஆச்சா? இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. ரெண்டு வருஷமா உங்க பேச்சத்தான் கேட்டேன், இனிமேலும் கேக்கறேன்."

"தம்பி முன்னால என்னடி இது?"

"ரத்தம் குடுத்துட்டு வாங்க. டாக்டரு என்ன சாப்புடலாம்னு சொல்றாரோ, அத ஆக்கிப் போடறேன். அதுவரைக்கும் இதான்."

அண்ணன் களியைப் பிட்டுக் குழம்பு கேட்டார். அண்ணி கறியில்லாமல் ஊற்றினார்.

மறுநாள் காலை அண்ணனும் நானும் பஸ்ஸில் அரியலூர் போனோம். ரத்தம் கொடுத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அண்ணன் நேராக ஒரு டீக்கடைக்குள் நுழைந்தார். மாஸ்டர் அவரைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னண்ணே, ரெண்டு மாசமா ஆளயே காணோம்?" கேட்காமலேயே டம்ளரில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, மேலே இன்னொரு கரண்டியும் போட்டு டீ ஆற்றினார். ஒரு தட்டில் தேங்காய் பன் வந்தது. மாதம் ஒருமுறை டெஸ்ட் எடுக்க வந்த இடம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் பன்னைப் பாதியாகப் பிய்த்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"அண்ணிகிட்ட சொல்லிப்புடாத."

ரத்தத்தில் அளவு மிக அதிகம் என்று வந்தது. அதன் பிறகு திருச்சிக்குப் பல முறை போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் சதைத் துணுக்கு எடுத்தார்கள், எலும்புக்குத் தனியாக இன்னொரு ஸ்கேன். எந்த பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அண்ணன் படிக்குப் பக்கத்து சீட்டைத்தான் பிடித்தார். இப்போது அவர் பாதி வழியில் இறங்கினால் நானும் இறங்கினேன். அவர் கருவேல மரத்துப் பக்கம் போய்விட்டு வரும்வரை சாலையைப் பார்த்து நின்றேன். அடுத்த பஸ் வந்தது.

முடிவு சொல்லும் நாளில் அண்ணியும் வந்திருந்தார். டாக்டர் பட்டென்று சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. புற்றுநோய்தான். இடுப்பு எலும்பில் ஓரிடத்தில் பரவியிருக்கிறது. முழுதாக எடுத்துவிட முடியாது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியும் மாத்திரையும் போட்டு வந்தால் அடங்கி இருக்கும். பல பேர் வருடக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள்.

அவருக்குப் பின்னால் ஒரு காலண்டர் தொங்கியது. போன மாதத் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. அதைக் கிழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?" என்று அண்ணி கேட்டார்.

டாக்டர் கையிலிருந்த தாள்களை மேசையில் தட்டிச் சீராக்கினார். "இப்பப் பண்ண வேண்டியதப் பாப்போம்மா" என்றார்.

அண்ணி தலையாட்டினார். அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு?" என்று அண்ணிதான் மறுபடியும் கேட்டார்.

"இந்த ஊசி போட்டா உடம்புல சத எறங்கும், எடை கூடும். சுகர் வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. அதனால இனிப்பு, அரிசி எல்லாம் கொறச்சுக்கணும். களி, கோதுமை, காய்கறி. உங்களுக்கு முடியுமா?"

"அது எனக்குத் தெரியுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை.

எழுந்து கதவருகே போகும்போது டாக்டர் என்னை நிறுத்தினார். "நீங்க கூடப் பொறந்த தம்பியா? நீங்களும் ஒரு தடவ பாத்துடுங்க. அண்ணன் தம்பிக்குள்ள வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். தொந்தரவு இல்லேன்னாலும் பாருங்க."

சரி என்றேன். அதன் பிறகு வெகுநாள் போகவில்லை. அண்ணனுக்கு முதல் ஊசி போட்டு, இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது. வெங்காயம் விலை ஏறவில்லை. பட்டறையைப் பிரித்து வந்த விலைக்கு விற்றார். இரவில் நான் ஒருமுறை எழுந்தால்கூட, திரும்பி வந்து படுத்து, நேற்று எழுந்தேனா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு நாள் காலை வெறும் வயிற்றோடு சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் என் மனைவி செருப்பை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"காபிகூடக் குடிக்காம எங்க கெளம்பிட்டீங்க?"

"சுகர் டெஸ்ட்டுக்கு" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை. வாயில் வந்த வார்த்தை அதுதான்.

அவள் நிமிர்ந்தாள். "எந்தச் சுகரு? உங்கண்ணனுக்கு வந்த சுகரா?"

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

"அக்கா எல்லாத்தயும் சொல்லிட்டாங்க. என்னால களி கிண்ட முடியாது. நில்லுங்க, நானும் வரேன்." உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, பூட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் விரல் விட்டும் பார்த்தார். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டு நாள் கழித்து, அளவு சரியாக இருக்கிறது, சற்றே வீக்கம், வயதுக்கு ஏற்றதுதான், வருடம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். மனைவி பெருமூச்சு விட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு வரும்வரை அப்படி ஒன்றும் வரவில்லை. அங்கிருந்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"என்னடா சொன்னான்?"

"ஒண்ணுமில்லேங்கறாங்க. வருஷா வருஷம் வந்து பாத்துக்கணுமாம்."

"சினை பாத்தானா?"

"பாத்தாரு."

"ம்." பிறகு கேட்டார், "வூட்டுல என்னன்னு சொல்லிட்டுப் போன?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தமும் அண்ணியின் குரலும் கேட்டன.

"களி ஆறுதாம். வச்சுடறேன்" என்றார் அண்ணன்.