அடித்து நிமிர்த்திய இரும்பு

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாரிஸ் புறநகரான பொண்டியில், எங்கள் சரக்கு டெப்போவில் நான் சம்மட்டி எடுத்ததற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாரிஸில் ரூ பெர்தொனே என்ற தெருவில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை. நாலு அரிசி மூட்டை வைத்தால் ஆள் நுழைய இடமிராது. அதனால் பொண்டியில் ஒரு பழைய கராஜை வாடகைக்கு எடுத்தோம். மூட்டைகளை மேலே மேலே அடுக்க இரும்பு இறாக்கை வேண்டும். புதிதின் விலையைக் கேட்டதும் என் கணவர் வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தார். போர் முடிந்த வருடம் வன்னியிலிருந்து தப்பி வந்த மனிதர். வாயைத் திறந்து எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

அப்போதுதான் என் அண்ணன் வந்தார். பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் இருக்கிறார். என்னைப் பிரான்சுக்குக் கூப்பிட்டு எடுத்ததும் அவர்தான், கலியாணம் செய்து வைத்ததும் அவர்தான். எங்கேயோ மூடிய ஒரு கிடங்கின் இறாக்கைகளைக் கழிவு விலைக்கு வாங்கி, அதே விலைக்கு எங்களுக்குத் தந்தார். ஒரு சதம் இலாபம் வைக்கவில்லை. தானே தன் வான் வண்டியில் ஏற்றி வந்து, பூட்டி நிறுத்தி, நீலப் பெயின்ற் அடித்து, வெள்ளிக்கிழமை காலை தேங்காய் உடைக்க நேரமும் பார்த்துவிட்டார்.

நான் அன்றுதான் போய்ப் பார்த்தேன். இறாக்கையின் ஒரு காலில் முழங்கால் உயரத்தில் மட்டும் பெயின்ற் தடிப்பாக இருந்தது. கடைப் பூட்டின் திறப்பால் சுரண்டினேன். பாரந்தூக்கி வண்டி இடித்து நெளிந்த கால். அதை அடித்து நிமிர்த்தியிருந்தார்கள். நெளிவின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. குறுக்குச் சட்டங்கள் இரண்டு வேறு கொம்பனிகளுடையவை. சட்டத்தை மாட்டும் கொளுவி முழுதாகக் காலில் உட்காரவில்லை. அது கழராமல் செருகும் பூட்டுமுளை இருக்க வேண்டிய இடத்தில் ஆணி. எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்லும் தகடு இல்லை. கராஜின் சொந்தக்காரன் தளத்தைத் துளைக்க விடமாட்டான் என்று கால்களைத் திருகாணியால் நிலத்தோடு முடுக்கவும் இல்லை.

"ஆர் அண்ணை இதை நிமித்தினது?"

"நான்தான். சம்மட்டியாலை. ஏன்?"

"வளைச்சு நிமித்தின கரண்டி அதே இடத்திலைதானே முறியும்? உது எவ்வளவு தாங்குமெண்டு கடதாசி ஏதும் இருக்கோ?"

கடதாசி என்ற சொல்தான் பிழையாகிப்போனது. சொந்த அண்ணனிடம் கடதாசி கேட்பது, கள்ளன் என்று சொல்வதற்குச் சமம். அவருடைய முகம் கறுத்தது.

"நான் கொண்டு வந்ததுக்குக் கடதாசி கேக்கிறியோ? அடிச்சு நிமித்தினா யானையும் தாங்கும்! மச்சான், நேரம் போகுது, ஏத்துங்கோ."

கணவர் என்னைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுப்பம் மச்சான்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்துச் சுவரோடு மோதினார். பின்தலை சுவரில் அடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கணவர் திருப்பி அடிக்கவில்லை. பல் பட்டு உதட்டில் வந்த இரத்தத்தைக் கையால் துடைத்தார். "பிரச்சினை வேண்டாம், நான் ஏத்திறன்," என்று எங்கள் பாரந்தூக்கி வண்டியில் ஏறி, முதல் அரிசி அடுக்கைத் தூக்கினார். அண்ணன் இறாக்கையருகில் நின்று வழி காட்டினார்.

வன்னியில் செல்லடிக்குத் தப்பி வந்த மனிசன் அரிசி மூட்டைக்குக் கீழே சாகவா? மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்தேன்.

"இறங்கு!" என்று கணவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் பிரேக்கை மிதித்தார்.

"அடியடி பாப்பம்," என்றார் அண்ணன். விலகவில்லை. நான் அடிக்கமாட்டேன் என்று நினைத்தார்போலும்.

பெயின்ற் தடித்த அந்த இடத்தில் அடித்தேன். முதல் அடிக்கு அதிர்ந்தது. இரண்டாவதில் கால் மடிந்தது. சட்டங்கள் கொளுவி கழன்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஒரு மூட்டைகூட ஏற்றாத வெறும் இறாக்கை, சாய்ந்து சுவரில் முட்டித்தான் நின்றது. மேல்சட்டம் அண்ணனுடைய வலது தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தமும் எனக்குக் கேட்டது.

தூசிக்குள் நிலத்தில் கிடந்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி, "மச்சான் உள்ளுக்கோ?"

"இஞ்சை நிக்கிறன்," என்றார் கணவர்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அம்புலன்ஸ் வரும்வரை திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணி எல்லோர் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்தார். "உன்னைக் கூப்பிட்டெடுத்த கையை முறிச்சிட்டாய்." ஓம், முறித்தேன். அறையை வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

பிறகும் நாங்கள் பழைய இறாக்கைதான் வாங்கினோம். புதிதுக்கு வசதியில்லை. ஆனால் கழற்றும் கூலி, புதுப் பூட்டுமுளை, நிலத்தில் முடுக்கும் செலவு, பாரம் தாங்குமா என்று வந்து பார்த்துக் கையெழுத்து வைப்பவரின் கூலி எல்லாம் சேர, மலிவு அவ்வளவு மலிவாக இருக்கவில்லை. வாங்குவதற்கு முன், பழைய இரும்பு விற்கும் எங்கள் தமிழ் ஆள் ஒருவனிடம் பார்க்கப் போனபோது, வான் வேண்டுமென்று கணவர் எனக்குச் சொல்லாமல் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். வானை ஒரு நண்பர் ஓட்ட, அண்ணன் வலது கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி வந்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இடக்கையால் ஒவ்வொரு காலாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு காலில் கை நின்றது.

"இது நெளிஞ்சதெல்லே?"

விற்றவன் சிரித்தான். "அது பெரிய விசயமோ அண்ணை? அடிச்சு நிமித்தினா யானையும் தாங்கும்."

அண்ணன் இடக்கையால் அவனுடைய கன்னத்தில் விட்ட அறையில் அவன் இரும்புக் குவியலின் மேல் விழுந்தான். மறுபடியும் கை ஓங்கினார். நான் ஓடிப்போய் அவருடைய இடுப்பைப் பிடித்தேன்.

"விடடி, பிடியாதை," என்றார். தோள் முறிந்த நாளுக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல்.

நான் விட்டுவிட்டேன்.