மச்சான் அனுப்பிய சோபா

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் மனைவி போனில் ஒரு வீடியோ பார்த்தாள். தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி தன் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, நடுவில் ஒரு பாய், பாயின் மேல் ஒரு தலையணை. அவ்வளவுதான். ஒரு வருடமாகத் தொடாத பொருள் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, சாமான் குறையக் குறைய மனசு லேசாகும் என்று அவள் சொன்னாள். எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றையறைக் காம்பராவில் ஒரு பாயும் ஒரு தலையணையுமாகத்தான் வாழ்ந்தது, அப்போது யாரும் வந்து வீடியோ எடுக்கவில்லையே என்றேன். மனைவி அதை ரசிக்கவில்லை. இந்தத் தீபாவளிக்கு நம் வீடும் அப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆசிரியர். மனைவி அதே தோட்டத்தின் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போன பிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. எங்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். லயத்தை விட்டுத் தனிவீட்டுக்கு வந்து நாலு வருடமாகிறது. லயத்தில் எங்களிடம் சாமானும் இல்லை, அதை வைக்க இடமும் இல்லை. தனிவீடு வந்ததும் சாமான் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்துகொண்டது.

முதலில் கடிகாரங்கள். தேர்தலுக்குத் தேர்தல் வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போவார்கள். நடுவில் வேட்பாளரின் சிரித்த முகம் இருக்கும், முட்கள் அவர் மூக்கிலிருந்து புறப்படும். தோற்றவர்களின் கடிகாரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வென்றவர்களுடையவை வென்ற மாதமே நின்றுவிட்டன. அடுத்து, எப்போதாவது உதவும் என்று மனைவி கழுவிக் கவிழ்த்து வைத்த ஐஸ்கிரீம் டப்பாக்கள். அதற்கடுத்து என்னுடைய பழைய வினாத்தாள்கள். கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாக இருந்த அவற்றை மனைவி குப்பை என்றாள், நான் கல்வி என்றேன். டப்பாக்களை நான் குப்பை என்றேன், அவள் சிக்கனம் என்றாள். ஒரு வீட்டில் குப்பை என்பது எப்போதும் மற்றவருடைய பொருள்தான். கடைசியில் இரண்டும் வெளியே போவது என்று முடிவானது. பிள்ளைகள் இருவரும் சேர்ந்து வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்கள். ஓடிய கடிகாரம் ஒன்றை மட்டும் சுவரில் விட்டுவைத்தோம். அதில் சிரித்தவர் தேர்தலில் தோற்றுக் கட்டுப்பணத்தையும் இழந்தவர்.

எல்லாம் சாக்குக்குள் போயும் வீடு காலியான மாதிரித் தெரியவில்லை. காரணம் சோபா.

மனைவியின் அண்ணன் கட்டாரில் வேலை செய்கிறார். நாங்கள் பால் காய்ச்சிக் குடிபுகுந்தபோது அவர் வரமுடியவில்லை. பதிலுக்குப் பணம் அனுப்பி, பண்டாரவளைக் கடையில் போனைப் பிடித்துக் காட்டச் சொல்லி, அங்கிருந்தபடியே ஒரு சோபாவைத் தேர்ந்தெடுத்தார். கைப்பிடி இரண்டிலும் தங்க நிறத்தில் சிங்கமுகம் செதுக்கிய, ஒரு பக்கம் மடங்கித் திரும்பும் பெரிய சோபா. எங்கள் முன்னறையின் முக்கால்வாசியை அது எடுத்துக்கொண்டது. மிச்சத்தில் நாங்கள் இருந்தோம். சமைக்கக் குசினிக்குப் போவதென்றால் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகவேண்டும். கடையிலேயே சுற்றியிருந்த, பழுப்பேறிய தடித்த பொலித்தீன் உறையை, அழுக்காகிவிடும் என்று மனைவி பிரிக்கவிடவில்லை. அதில் உட்கார்ந்தால் வேர்க்கும், எழுந்தால் சத்தம் போடும். ஆகவே கிராம சேவகரும் கோயில் ஐயரும் வந்தால் மட்டும் அதில் உட்காருவார்கள். நாங்கள் தரையில் உட்கார்ந்து, சோபாவில் சாய்ந்துகொண்டு டிவி பார்ப்போம்.

அந்த வருடம் லீவு கிடைக்காது, தீபாவளிக்கு வரமாட்டேன் என்று மச்சான் சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் மனைவி ஒரு மாலை சோபாவின் முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றுவிட்டு, "இது நமக்கு இருக்கா, நாம இதுக்கு இருக்கமான்னே தெரியலைங்க" என்றாள். மறுநாளே வெளியேற்றுவது என்று தீர்மானமாயிற்று.

சோபா உள்ளே வந்தபோது வாசலுக்குக் கதவு போட்டிருக்கவில்லை. இப்போது கதவு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். மூட்டை தூக்குவதில் பழக்கமானவர். அவர் வந்து பார்த்து, முதலில் கதவைக் கழற்றினார், பிறகு சோபாவின் கால்களைக் கழற்றினார், பிறகு தன் சட்டையைக் கழற்றினார். அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தூக்க வந்தவர்களைவிட யோசனை சொல்ல வந்தவர்கள் அதிகம். சாய்க்கச் சொன்னவர்களுக்கும் நிமிர்த்தச் சொன்னவர்களுக்கும் சண்டை வரப்பார்த்தது. ஒரு வழியாக சோபா முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் எங்களுக்கு நிஜமான தொல்லை ஆரம்பித்தது.

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தோம். கூட்டத்திலிருந்த ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். கட்டாரிலோ துபாயிலோ கொழும்பிலோ பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டிலும் ஏற்கெனவே ஒன்று, அதுவும் பொலித்தீன் உறைக்குள், குசினி வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. கோயிலுக்குக் கேட்டேன், சாமி சந்நிதியில் கால்மேல் கால் போட இடமில்லை என்றார்கள். எங்கள் பாடசாலை அதிபரிடம் கேட்டேன். பாடசாலைப் பொருட்பதிவேட்டில் ஒரு கதிரை ஏறிவிட்டால் உடைந்தாலும் இறங்காது என்று அவர் எனக்கு நினைவூட்டினார். பின்னறையில் கால் இல்லாத கதிரைகள் கூரைவரை அடுக்கிக் கிடப்பது எனக்கும் தெரியும். பிள்ளைமடுவத்துக்கு வேண்டாம் என்று மனைவியே சொல்லிவிட்டாள். முதல் நாளே நனைத்துவிடுவார்களாம்.

குப்பைக்கும் போடமுடியவில்லை. அந்த வீடியோப் பெண் வேண்டாததை வாசலில் வைத்தால் யாரோ வந்து எடுத்துப்போவார்கள் போலிருக்கிறது. எங்கள் வாசலுக்கு யாரும் வருவதில்லை. பிரதேச சபையில் கேட்டால் அது தோட்டத்துப் பாதை, எங்கள் குப்பை டிராக்டர் உள்ளே வராது என்பார்கள். தோட்ட ஆபீசில் கேட்டால், வீடு உங்களுடையது, குப்பையும் உங்களுடையது என்பார்கள். இந்த வீட்டுக்கு உறுதிப் பத்திரம் மட்டும் இன்னும் வரவில்லை. குப்பையில் எங்களுக்கு முழு உரிமை உண்டு. கடைசியில் லொறிக்காரர் ஒரு வழி சொன்னார். மெயின் ரோட்டுச் சந்திக்கு சபையின் டிராக்டர் வரும். அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் தூக்கிப்போவார்கள். சாக்குகளையும் சோபாவையும் ஏற்றிச் சந்தியில் இறக்கினோம். ஈரத்தில் இருக்கக் கூடாதென்று, மறுபடி கால்களை மாட்டி, பஸ் தரிப்பிடத்துத் தகரக் கூரைக்குக் கீழே வைத்தோம்.

டிராக்டர் வந்தது. சாக்குகளை எடுத்தார்கள். சோபா தளபாடம், குப்பையில் சேராது என்று சொல்லி விட்டுப்போய்விட்டார்கள்.

அந்தத் தரிப்பிடத்தில் முன்பு ஒரு பலகை பெஞ்ச் இருந்தது. அது பலகை பலகையாக யாருடைய அடுப்புக்கோ போய் வருடக்கணக்காகிறது. பஸ் வரும்வரை எல்லோரும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். மறுநாள் காலை நான் அந்த வழியாகப் போனபோது, கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி சோபாவில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் கரட் மூட்டையோடு ஒரு கிழவர். மடங்கித் திரும்பும் பக்கத்தில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் கோழிக்குஞ்சு மாதிரி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டொரு நாளில் பொலித்தீன் உறையை யாரோ கிழித்தெறிந்துவிட்டார்கள். கபில நிறம் என்று நாங்கள் நாலு வருடமாக நம்பிய சோபா உண்மையில் நல்ல மெரூன் நிறம். ஒரு பெண் தன் படங்கை, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற அந்தத் தடித்த விரிப்பை, சாரல் அடிக்கும் பக்கம் தொங்கவிட்டிருந்தாள்.

வீட்டில் எங்களுக்கு முதல் சில நாட்கள் கூச்சமாக இருந்தது. முன்னறையில் பேசினால் சத்தம் திருப்பிக் கேட்டது. பழக்க தோஷத்தில் நான் குசினிக்குப் பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருந்தேன்; மகன் பின்னாலிருந்து சிரித்தான். பிறகு பழகிவிட்டது. கட்டிலுக்கடியிலிருந்து கெரம் போர்ட் வெளியே வந்தது. நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து விளையாடும்போது, மனைவி இவ்வளவு நன்றாகச் சுண்டுவாள் என்பது எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவளுக்குச் சுண்ட இடம் இருந்ததில்லை. சோறும் குழம்பும் நடுவில் வைத்துச் சேர்ந்து சாப்பிட்டோம். வெளியே மழை பெய்தால் கதவைத் திறந்துவைத்துப் பார்த்தோம். எனக்கு அந்த வீடியோப் பெண்ணின்மேல் சற்று மரியாதை வந்தது. மனைவியிடம் அதைச் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மனைவி முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பெரிய பையோடு அவள் அண்ணன் நிற்கிறார். கடைசி நேரத்தில் லீவு கொடுத்தார்களாம். எங்களுக்குச் சொல்லாமல் வந்து ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறார். ஆச்சரியம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் போயிற்று. மனைவி கையில் முறுக்கு அச்சோடு எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் வெறும் முன்னறைக்கு முன்னால் நின்று மறைக்கப்பார்த்தேன். ஒரு மனிதன் சோபா அளவுக்கு அகலமாக முடியாது.

அவர் உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து, பிளேன்டீ கேட்டார். குடித்து முடித்தபிறகுதான் சொன்னார். சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சிங்கமுகத்தைப் பார்த்திருக்கிறார். போனில் பார்த்த சிங்கம்; ஆனால் நிறம் வேறு. அதில் உட்கார்ந்திருந்த கரட் மூட்டைக் கிழவரிடம் இது யாருடையது என்று கேட்டிருக்கிறார். கிழவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை.

"வாத்தியாரு மச்சான் கட்டார்ல இருந்து அனுப்புனதுங்க," என்றாராம் கிழவர். "நாம நின்னுக்கிட்டே கெடக்குறோம்னு பஸ் ஹோல்ட்டுக்கு குடுத்துட்டாங்க. பெரிய மனசு."

மனைவி முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். கிழவர் சொன்னதைத் திருத்துவதற்கு அது நேரமில்லை.

மச்சான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நாலு வருடத்துக்கு முன்னால் வாங்கிய தன் சோபாவில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது என்றார். கோபமில்லை போலிருக்கிறது என்று நான் மூச்சுவிட்டபோது, ஒரே ஒரு குறையைச் சொன்னார்: "குடுத்தது சரி மச்சான். ஒரு போர்ட் போட்டிருக்கலாம்ல?"

எங்கள் கோயிலில் டியூப்லைட் ஒன்று கொடுத்தாலும் உபயம் என்று பெயரெழுதித்தான் கொடுப்பார்கள். எழுத்தை வாசிக்கலாம், வெளிச்சம்தான் வராது. மச்சான் அந்தக் கோயிலில் வளர்ந்தவர். தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கோயிலுக்குப் போய்வந்ததும், என் மகளை உட்காரவைத்து ஒரு பெரிய அட்டையில் உபயம் எழுதவைத்தார். தன் பெயர், அதைவிடப் பெரிதாகக் கட்டார். மகனை அழைத்துக்கொண்டு போய்ச் சந்தியில் கட்டிவிட்டு வந்தார்.

பிறகு சாப்பிட்டோம். ஆட்டிறைச்சிக் குழம்பு, சோறு, வடை. முன்னறை முழுக்கப் பாய் விரித்திருந்தது. சாப்பிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மச்சான் காலை நீட்டிப் படுத்தார். கட்டாரில் அவர்கள் அறையில் கட்டிலுக்கு மேல் கட்டில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்று ஏதோ கதை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் தூங்கிப்போனார். கைகால்களை நாலு பக்கமும் பரப்பிக்கொண்டு, வாய் திறந்து, பொழுது சாயும்வரை தூங்கினார். பிள்ளைகளை மனைவி சத்தம்போட விடவில்லை. மழை கொட்டியது. அவள் சுவரில் சாய்ந்து அண்ணனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சிரிப்புக்கு ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய், சாரல் படாமல் கதவை ஒருக்களித்தேன்.

அந்த மழையில் மகளின் எழுத்து கரைந்துவிட்டது. அட்டை மட்டும் தொங்கியது. மறுநாள் பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் சந்திக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் அது பேஸ்புக்கில் வந்தது. பயணிகளின் நீண்டகாலக் குறை தீர்த்துவைக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. கீழே நிறையப் பேர் கைகூப்பியிருந்தார்கள். மச்சான் கொதித்துப்போனார். கீழே பதில் எழுதினார், அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார்கள். எங்கள் பாதைக்குக் குப்பை டிராக்டர் கேட்டு நாங்கள் எழுதிய விண்ணப்பங்களுக்கு இந்த வேகத்தில் யாரும் கவனம் செலுத்தியதில்லை. இரவுச் சாப்பாட்டு நேரமாகியும் மச்சான் போனை விடவில்லை.

மனைவி சட்டியை நடுவில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "வீட்ல இல்லாத சாமானுக்கு ஏன் இம்புட்டு சண்டைண்ணே? சாப்புட வாங்க."

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு இருந்த நாட்களில் பெரும்பாலும் கெரம் ஆடினார், தங்கையிடம் தோற்றார், தூங்கினார். அடுத்த தடவை என்ன அனுப்பட்டும் என்று ஒருநாள் கேட்டார். பிரிட்ஜ் என்று மகன் ஆரம்பிப்பதற்குள் மனைவி அவன் தொடையில் கிள்ளினாள்.

அவர் திரும்பிப் போகிற காலையில் எல்லோரும் சந்திவரை போனோம். பனிமூட்டத்தில் ரோடு தெரியவில்லை. சோபா நிறைய ஆட்கள். வருடக்கணக்காக ஊரில் இல்லாத அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. பையை வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சநேரம் கழித்து, மடியில் குழந்தையோடு இருந்த பெண் ஒருத்தி நகர்ந்து, உட்காருங்க என்று இடம் விட்டாள். அவர் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தை அவருடைய கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்தது. அவர் கழற்றி அதன் கையில் கொடுத்தார். பஸ் நேரத்துக்கு வரவில்லை. நாங்கள் யாரும் அதைப்பற்றிக் குறைசொல்லவில்லை.