லாக்கப் சட்டையில் எடுத்த படம்

கோர்ட் வாசலில் போலீஸ் வேன் நின்றது. செல்வத்தை இறக்கினார்கள். கையில் விலங்கு, உடம்பில் ஆரஞ்சு நிற லாக்கப் சட்டை. ஆள் தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர். தோட்டத்து ஸ்டோரில் உர மூட்டைகள் காணாமல் போயிருந்தன. விசாரணைக்குத் தடுத்து வைக்க ரிமாண்ட் கேட்டுத்தான் கொண்டு வந்திருந்தார்கள். குற்றம் எதுவும் சாட்டவில்லை. நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் கேமரன் மலை நிருபர். பழக்கதோஷம், கை தானாகப் போனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டது.

அவர் மனைவி மல்லிகா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, பேரு, படம் ஒன்னும் போட்டுடாதீங்க லா. தோட்டத்துத் தொரை இப்பவே மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறாரு. வேல போனா தோட்டம் குடுத்த லயத்து வீடும் போச்சு. புள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்கக்கா போவேன்?”

நான் வாய் திறப்பதற்குள் கோலாலம்பூரிலிருந்து எடிட்டர் கூப்பிட்டார்.

“படம் எங்கம்மா? ‘உரத் திருடன் சிக்கினான்’, தலைப்பு ரெடி.”

“சார், இன்னும் சார்ஜ் பண்ணவே இல்ல. யாரு திருடன்?”

“வாட்ஸ்அப் பூரா அவன் மூஞ்சிதான். நீ என்ன அவனுக்கு லாயரா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அந்தச் சட்டைய மாட்டி விட்டா நீங்களும் நானும் திருடன் மாதிரிதான் சார் இருப்போம்!”

போன் கட்டாகிவிட்டது. வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. இருந்தாலும் பெயரும் படமும் இல்லாமல் நாலு வரிதான் அனுப்பினேன். ‘தோட்டத் தொழிலாளி ஒருவர் விசாரணைக்காகத் தடுத்து வைக்கப்பட்டார்.’ உள்பக்க மூலையில் வந்தது. இன்னொரு பத்திரிகை படத்தோடு பெரிதாகப் போட்டது.

அதன் பிறகு தினமும் போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். ரிமாண்ட் முடிந்த அன்று, குற்றச்சாட்டு இல்லாமல் விடுவித்துவிட்டதாகச் சொன்னார்கள். உடனே லயத்துக்குப் போனேன். செல்வம் வாசலை விட்டு இறங்கவே கூசினார்.

“அன்னிக்குப் பேரு போடாதீங்கன்னு இவ அழுதா. இன்னிக்கு என் பேரப் பெருசா போடுங்கக்கா. அப்பன் பேரையும் சேர்த்துப் போடுங்க!”

அங்கேயே நின்று எடிட்டரைக் கூப்பிட்டேன்.

“விட்டதெல்லாம் ஒரு நியூஸாம்மா?” என்றார்.

“புடிச்சது நியூஸுன்னா இதுவும் நியூஸ்தான் சார். முழுப் பேரோட வரணும். இல்லன்னா வேற நிருபரப் பாத்துக்கங்க.”

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். செல்வம் அந்தப் பக்கத்தைத் துரையின் மேசையில் விரித்து வைத்தார். வீடு தப்பியது. லோரி மட்டும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. செல்வம் இன்று மலையில் தேயிலைக்கு மருந்தடிக்கிறார்.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவனைப் பிடித்தால் ஊரே நமக்குப் போன் போடும். விட்டுவிட்டால் ஒருத்தரும் போட மாட்டார்கள். அன்றைக்கு நாம்தான் போட வேண்டும்.