கப்பலுக்கு ஈடாக ஒரு சாவி

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே இருந்த வக்கீல் ஆபீசில், மேஜைக் கண்ணாடியின் மேல் எங்கள் முதலாளியம்மா தன் தறிக்கொட்டகைச் சாவியை வைத்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. நுனியில் கட்டுத்துணியைக் கிழித்து முடிந்த பழைய இரும்புச் சாவி.

அவர் ராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி நெய்து ஏற்றுமதி செய்துவந்தார். நான் அவருடைய ஏற்றுமதி மேனேஜர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம், பேல் கட்டும் கயிறு தீர்ந்தால் கடைக்கு ஓடுவதும் நான்தான். ஒருமுறை கன்டெய்னரில் இடம் மிஞ்சியது. சும்மா அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. தளவாய்புரத்தில் சொந்தத் தறி வைத்திருந்த மூன்று குடும்பங்களின் துணியையும் ஏற்றச் சொன்னார். பழகியவர்களுக்குள் எழுத்து எதற்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தில், அவர்கள் துணிக்கு மட்டும் இன்சூரன்ஸ் போட விட்டுப்போயிற்று. கப்பல் எங்கோ ஓர் அந்நியக் கரையில் பாறையில் மோதி உடைந்தது. சரக்கு முழுவதும் கடலோடு போனது.

எங்கள் பொறுப்புக்கு எல்லை உண்டு, முழு நஷ்டத்தையும் தர முடியாது என்று கப்பல் கம்பெனி எழுதிவிட்டது. கொதித்துப்போய் வக்கீலிடம் போனோம். அவர் நிதானமாகச் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னால் போனார். ரோமர்களின் பழைய சட்டப்படி கேப்டன் செய்த ஒப்பந்தத்துக்குக் கப்பல் முதலாளியே முழுப் பொறுப்பாம். டச்சுக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நடுக்கடலில் நடப்பது கரையில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும், அதற்காக அவன் வீடுவாசல் போகுமென்றால் யார் கப்பல் விடுவான் என்று கேட்டார்கள். உடைந்த கப்பலைச் சரக்குக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு முதலாளி வீட்டுக்குப் போகலாம் என்று பல துறைமுகங்களில் விதி வந்தது. லண்டன் முதலாளிகளோ, கேப்டன் சரக்கைத் திருடியதற்கு நாங்கள் அழிவதா என்று பாராளுமன்றத்தில் மனுக்கொடுத்து, கப்பலின் மதிப்போடு பொறுப்பை நிறுத்திக்கொண்டார்கள். இப்போது கப்பலின் அளவை வைத்து எல்லை போடுகிறார்கள். நான் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ, எந்தத் துறைமுகத்திலோ, எப்போதோ பயந்து செய்த ஏற்பாடு, கடலே இல்லாத எங்கள் மலையடிவாரத்தில் மூன்று வீட்டுத் தறிகளை நிறுத்த வந்திருக்கிறதே என்று பிரமிப்பாக இருந்தது.

கடைசியில் வக்கீல் முதலாளியம்மாவைத் தேற்றினார். தளவாய்புரத்துக்காரர்கள் கையில் துண்டுக் காகிதம்கூட இல்லை, உங்களை யாரும் அசைக்க முடியாது என்றார். அவர்களும் எதுவும் கேட்கவில்லை. மூவரில் மூத்தவர் முந்தின நாள்தான் வந்து, "நீங்க என்னம்மா செய்விய, கடல் கொண்டுபோயிட்டு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, தன் தறிகளை விற்க ஆள் பார்க்கப் போயிருந்தார்.

முதலாளியம்மா பையிலிருந்து சாவியை எடுத்து வைத்தார்.

"அந்தக் காலத்துக் கப்பல்காரன் கப்பலையாவது குடுத்துட்டுத்தான சார் வீட்டுக்குப் போயிருக்கான். நான் எதைக் குடுத்திருக்கேன்?"

தளவாய்புரம் ரோட்டில் அவர் தொழில் தொடங்கிய முதல் கொட்டகை அது. பேக்டரி பெரிதான பிறகும் காலையில் அங்கே போய் நின்றுவிட்டுத்தான் வருவார். சட்டப்படி அவசியமே இல்லை என்று வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அவன் கரையில இருந்தான், பாக்கல. நான் பக்கத்துல நின்னுல்ல ஏத்தச் சொன்னேன்" என்றார் அவர். தறிகளோடு கொட்டகை மூவர் பேருக்கும் பத்திரம் பதிவாயிற்று. முதலாளிகள் தப்பிப்பதற்காகப் போட்ட சட்டத்தில், இருப்பதை ஒப்படைக்க வேண்டும் என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்ட ஒரு முதலாளியை அன்றுதான் பார்த்தேன்.

முதலாளியம்மா இப்போது இல்லை. போன வாரம் அந்தக் கொட்டகைப் பக்கம் போயிருந்தேன். மூத்தவரின் மகள் அதே சாவியால் கதவைத் திறந்தாள். நுனியில் வெள்ளைவெளேரென்று புதுக் கட்டுத்துணி.

"பூட்டை மாத்தலாம்னு எம்புட்டோ சொன்னோம்ண்ணே. அவிய குடுத்த சாவி கெடக்கட்டும்னு அப்பா விடல. துணி நைஞ்சா மட்டும் வேற கட்டிக்கிடுவோம்."

சொல்லிக்கொண்டே சாவியை மேஜைமேல் போட்டுவிட்டு, அவள் தறியை ஓட்டப் போனாள்.