பலெர்மோவுக்குப் போகுமுன்

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறேன். நாளை இத்தாலியின் பலெர்மோவுக்குப் போகிறேன் என்றதும், காய்கறிக் கடையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணை தராசை விட்டுத் திரும்புகிறார். கனடா வருமுன் அவர் அங்கேதான் இருந்தாராம். நான் பயணக் குறிப்பு நோட்டைத் திறக்கிறேன்.

“நல்ல மீன் எங்கே கிடைக்கும்?”

“அது பேந்து. முதல்ல மலைக்கு ஏறுங்கோ. எங்கட ஆக்கள் எல்லாரும் ஏறுவினம். குகைக்குள்ள அம்மா இருக்கிறா.”

“கோயிலாண்ணே?”

“சேர்ச். அந்த ஊரைக் காக்கிற புனிதை அவ.”

அவர் நெற்றியில் திருநீறு. எனக்குக் குழம்புகிறது.

“நீங்க இந்துதானே?”

“ஓம். அதுக்கென்ன?” தக்காளியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: “கனடா சரிவந்தால் வெறுங்காலோட ஏறுறன் எண்டு நேந்தனான். சரிவந்திட்டுது. ஏறாமலே வந்திட்டன். எனக்காக ஒருக்கா ஏறுங்கோ.”

“நான் சாமியே கும்பிடாதவன். நான் ஏறினா உங்க நேர்த்தி தீருமா?”

அவரும் குழம்பிப் போகிறார்.

“தெரியேல்லை. மேல போய் அவவிட்டயே கேளுங்கோ.”

அடுத்தவருக்கு எடை போடத் திரும்பிவிடுகிறார். பலெர்மோவுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் இதுவரை ஒரே குறிப்புதான்: செருப்பைக் கழற்றவும்.