ரோட்டைப் பார்த்த வாசல்

பஞ்சாயத்து போர்டு மெம்பர் ஆக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தேர்தலில் பெண் யாரும் ஜெயித்து வராவிட்டால், ஜெயித்த மெம்பர்கள் கூடி ஒரு பெண்ணைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது. எங்கள் ஊரில் பெண் யாரும் நிற்கவே இல்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ், ஆள் இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது என்கிற அளவில் இருந்த ஊர். அறுபதுகளின் தொடக்கம். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியிருந்தேன் என்பதால் ஊருக்கு நான் ‘டீச்சரம்மா’. பிரசிடெண்டின் கண்ணில் அது பட்டுவிட்டது.

அவர் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் பேசினார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

“டீச்சரம்மா ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணாச்சி. மாசம் ஒருக்க வந்து உக்காந்து கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“அவகிட்டயே கேளுங்க” என்றார் என் கணவர். செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்த அவருக்கு அன்றைக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

பிரசிடெண்டு என்னிடம் கேட்கவில்லை. காப்பியைக் குடித்தார், நல்லா இருக்கு என்றார், போய்விட்டார். பத்து நாளில் உத்தரவு வந்தது. அதில் என் பெயருக்கு முன்னால் என் கணவர் பெயர் பெரிதாக இருந்தது.

முதல் கூட்டத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்த இடம் பீரோவுக்குப் பக்கத்தில், மேசையிலிருந்து ஆறடி தள்ளி. மரியாதைக்காக அப்படிப் போட்டிருக்கிறது என்று கிளார்க் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் மெம்பர்களின் முதுகுகள் தெரிந்தன. பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை. நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய் மேசையோரம் போட்டேன். பக்கத்தில் இருந்த மெம்பர் ஈரச் சுவரில் சாய்ந்துவிட்டவர் போலச் சட்டென்று நகர்ந்துகொண்டார்.

எனக்குக் கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வியாழக்கிழமைச் சந்தைக்கு ஆய்க்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் கீரையும் கத்தரிக்காயும் கொண்டுவருவாள். விடியும்போது தலைச்சுமையோடு வந்தால், பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். ஒரு சித்திரை மாதத்தில் அவள் முகம் வெளிறிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு மோர் வாங்கிக்கொடுத்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

“குடிச்சிட்டு எங்க போவேன் டீச்சரு? ஒதுங்கதுக்கு ஒரு செடிமறைவு உண்டா இங்கன? ஆம்பளைகளுக்கென்ன, எந்தச் செவுரும் செவுருதான். நாங்க காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கோம்.”

அவள் மட்டும் இல்லை. வரிசையாக உட்கார்ந்திருந்த இருபது முப்பது பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள். எத்தனையோ வியாழக்கிழமை அவர்களிடம் பேரம் பேசியிருக்கிறேன். அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை என்பதில் எனக்கு என் மேலேயே கோபம்.

மூன்றாவது கூட்டத்தில், சீசனுக்கு வருகிறவர்களை வரவேற்கக் குற்றாலம் ரோட்டில் ஒரு வளைவு கட்டத் தீர்மானம் வந்தது. நான் எழுந்து, வளைவு இருக்கட்டும், முதலில் சந்தையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டுங்கள் என்றேன். அந்தச் சொல்லை அந்த அறையில் ஒரு பெண் சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒருவர் விசிறியைப் பார்த்தார். ஒருவர் மூக்குப்பொடி டப்பியைத் தேடினார். ஓட்டெடுப்பில் வளைவுக்கு எதிராகக் கை தூக்கியவர்கள் எதிர்க்கட்சி மெம்பர்கள் நாலு பேரும் நானும். அன்றிலிருந்து நானும் எதிர்க்கட்சி.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் ஒரு வக்கீல். வெளியே வரும்போது, “சபாஷ் அம்மா! நீங்க நம்ம பக்கம்” என்று கும்பிட்டார். எந்தப் பக்கம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் என் கக்கூஸ் ஒவ்வொரு கூட்டத்திலும் அஜெண்டாவில் இருந்தது. ‘இதர விஷயங்கள்’ என்று கடைசியில். அந்த இடம் வரும்போது சரியாகப் பியூன் வடையும் காப்பியும் கொண்டுவருவான். மெம்பர்கள் எழுந்துவிடுவார்கள். வாயில் வடையோடு, “அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்” என்பார் பிரசிடெண்டு. ஒரு மாதம் வடையை நானே முன்கூட்டி வாங்கிவந்து, கூட்டம் ஆரம்பிக்கும் முன்னாலேயே கொடுத்துப் பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டார்கள். கடைசியில் பியூன் கொண்டுவந்ததையும் சாப்பிட்டார்கள்.

நச்சரிப்புத் தாங்காமலோ என்னவோ, ஒருவழியாகக் கட்டினார்கள். வேலை முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடினேன். நல்ல கட்டடம்தான். சுண்ணாம்பு அடித்து, ஓடு போட்டு, மூன்று அறை. ஆனால் வாசல் ரோட்டைப் பார்த்து இருந்தது. எதிரே பத்தடியில் காப்பிக் கடை. அதன் பெஞ்சில் காலை முதல் மாலை வரை ஆண்கள். உள்ளே போகிற பெண்ணையும் வெளியே வருகிற பெண்ணையும் பேப்பர் படித்தபடியே பார்க்கலாம்.

கட்டட வேலையைப் பார்த்த ஓவர்சியரிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

“பப்ளிக் கட்டடம்னா ரோட்டப் பாத்துத்தான்மா இருக்கணும். பின்னால வாசல் வச்சா லட்சணமாவா இருக்கும்?”

பிரசிடெண்டு ரிப்பன் வெட்டினார். அவர் பெயர் போட்ட கல் ஒன்றைப் பதித்தார்கள். வியாழக்கிழமை வந்தது. ஒரு பெண்ணும் உள்ளே போகவில்லை. இரண்டு மாதத்தில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். உள்ளே விளக்குமாறும் பிளீச்சிங் பவுடரும் வைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினேன். இடிக்கச் சொல்லவில்லை, வாசலை மாற்றக்கூடச் சொல்லவில்லை, முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவர் வையுங்கள் என்றுதான் கேட்டேன். மறு மாதம் மினிட் புஸ்தகத்தை வாசித்தார்கள். “பெண் உறுப்பினர் புதிய கட்டடத்தைப் பாராட்டிப் பேசினார்” என்று எழுதியிருந்தது.

“நான் எங்கே பாராட்டினேன்?” என்று கத்தினேன்.

“கட்டடம் நல்லாத்தான் இருக்குன்னு ஆரம்பிச்சிய, இல்லையா?” என்றார் கிளார்க்.

“அதற்கப்புறம் அரைமணி நேரம் பேசினேனே?”

“அது எழுத இடம் இல்லம்மா.”

அன்றைக்கு வீட்டில் சட்டி பானையெல்லாம் என் கையில் பட்ட பாட்டைப் பார்த்து என் கணவர் தானே தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் பிரசிடெண்டு மேல் எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. அவர் பக்கத்து ஆட்களிலேயே சிலர் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்ததில் என் ஒரு கையில் வந்து நின்றது. பிரசிடெண்டு மறுபடி வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை என் கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஒரு வாரத்துல சுவரு எந்திரிச்சிரும் டீச்சரம்மா. நீங்க கையத் தூக்காம இருந்தாப் போதும்.”

“ஒரு வாரத்தில் முடிகிற காரியமா அது? அப்போ இத்தனை மாதம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன். எனக்குப் பள்ளிக்கூடத்துப் பேச்சு விட்டுப்போகவில்லை. கோபம் வந்தால் புத்தகத் தமிழ்தான் வரும். அவர் எழுந்துவிட்டார். அன்றைக்குக் காப்பியும் குடிக்கவில்லை.

வக்கீலிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“ஒரு கக்கூஸ் செவுத்துக்காகவா கொள்கைய விடுவிய? நாம வரட்டும். மொத வேல அதுதான். எழுதி வச்சுக்கிடுங்க.”

நானும் எழுதித்தான் வைத்துக்கொண்டேன், வீட்டு நோட்டில். இரண்டு ராத்திரி யோசித்தேன். சுவர் வேண்டும் என்றால் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் ஒருத்தர் பதவிக்கு ஆபத்து வந்தால்தான் பெண்களுக்கு மறைவு கிடைக்கும் என்று ஆகிவிட்டால், அடுத்த தேவைக்கு இன்னொரு ஆபத்துக்கு எங்கே போவது? தாசில்தார் வந்து கூட்டத்தை நடத்தினார். நான் கையைத் தூக்கினேன். பிரசிடெண்டு போனார். வக்கீல் பிரசிடெண்டு ஆனார்.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு கேட்டேன்.

“பொறுங்கம்மா. முந்தி இருந்தவுக கெடுத்து வச்சத எல்லாம் மொதல்ல ஒழுங்கு பண்ணணும்லா?” என்றார் வக்கீல். அவர் முதலில் ஒழுங்கு பண்ணியது குற்றாலம் ரோட்டு வளைவை. எந்த வளைவை எதிர்த்து நாங்கள் சேர்ந்து கை தூக்கினோமோ, அதற்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. பழைய பிரசிடெண்டு இப்போது எதிர்க்கட்சி ஆளாக, எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ‘இதர விஷயங்கள்’ வந்ததும் அவர் எழுந்தார்.

“நம்ம வீட்டுப் பொம்பளைகளா இருந்தா இப்படி விடுவமா? சந்தைக்கு வாரவளுக்கு மானம் இல்லையா?” என்று தொண்டை கம்மப் பேசினார். நான் இரண்டு வருஷமாகப் பேசியதை, வார்த்தை மாறாமல், என் பக்கத்தில் நின்றே பேசினார். என்னைவிட நன்றாகவும் பேசினார். எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஓட்டெடுப்பில் அவரோடு சேர்ந்து கை தூக்கினேன். தோற்றோம். நான் மறுபடி எதிர்க்கட்சி. வக்கீல் என்னைக் கும்பிடுவதை நிறுத்திவிட்டார்.

சந்தையில் போய்க் கீரைக்கார அம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கீரைக்கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், “செவுருதான் வேணுமா டீச்சரு? ஓலத்தட்டி வச்சு மறச்சாக் காணாதா?” என்றாள்.

எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். மனு, தீர்மானம், மினிட் என்று அலைந்ததில் புத்தி அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஆளுக்கொரு தட்டியாகத் தலையில் சுமந்து வந்தார்கள். நான் கிளார்க்கிடம் சாவி கேட்டேன். எதற்கு என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை, கொடுத்துவிட்டார். விளக்குமாறுகளை ஓரமாக அடுக்கி, அறைகளைக் கழுவிவிட்டு, வாசலுக்கு முன்னால் நாலு கம்பு நட்டுத் தட்டியைக் கட்டினோம். காப்பிக் கடைப் பெஞ்சில் இருந்த ஒருவர், “என்ன நாடகமா போடப் போறிய?” என்று கேட்டார். “ஆமா, நீரு வேசம் கட்டுதேரா?” என்று கேட்டாள் கீரைக்கார அம்மாள். அதன் பிறகு அவர் பேப்பரை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

மூன்று சந்தை நன்றாக நடந்தது. நாலாவது வாரம் எனக்கு போர்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. சந்தை ரோட்டை ஓலைத்தட்டியால் ஆக்கிரமித்திருக்கிறேனாம். வக்கீல் கையெழுத்து. பியூன் வந்து தட்டிகளைப் பிரித்தான். “எம்மேல வருத்தப்படாதிய” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பிரித்தான்.

அடுத்த வியாழக்கிழமை நான் யாரையும் தூண்டிவிடவில்லை. இதை இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. பெண்கள் சந்தை எல்லைவரை வந்தார்கள். தட்டி இல்லை என்று தெரிந்ததும் அப்படியே திரும்பிப் போய், குற்றாலம் ரோட்டில் போர்டு எல்லை முடிகிற இடத்துக்கு அப்பால், தோப்போரமாக உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே ஒதுங்க மரமும் புதரும் இருந்தன. சாரல் சீசன். குற்றாலத்து ஓட்டல்காரர்கள் சைக்கிளில் அங்கேயே வந்து வாங்கிக்கொண்டார்கள். சந்தைக்குள்ளே கருவாடு விற்கிற இரண்டு ஆண்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் இப்படி. சந்தையில் கடைவரி வசூலைக் குத்தகை எடுத்திருந்தவர் போர்டு ஆபீஸ் வாசலில் நின்று கத்தியது பஸ் ஸ்டாப்புவரை கேட்டது. அதற்கு நாலாம் நாள் சுவர் எழும்பிவிட்டது. ஆளுயரத்துக்கும் மேலே, நல்ல செங்கல் சுவர்.

மறு கூட்டத்தில் மினிட் வாசித்தார்கள். “தாய்மார்களின் நலன் கருதித் தலைவர் முன்மொழிய, சுவர் கட்ட ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” வக்கீல் என்னைப் பார்க்கவில்லை. பழைய பிரசிடெண்டு மேசையைத் தட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். எனக்கோ அந்தப் பேனாவை யார் கண்ணிலாவது குத்தினால் என்ன என்று இருந்தது.

காலம் முடிந்து புது போர்டு வந்தபோது, எதிலும் ஒத்துப்போகாத வக்கீலும் பழைய பிரசிடெண்டும் டீச்சரம்மா வேண்டாம் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்களாம். வேறொரு பெண்ணைச் சேர்த்தார்கள். ரொம்ப அமைதியானவள் என்று கேள்வி.

ஒரு வியாழக்கிழமை சந்தையில் என்னைக் கீரைக்கார அம்மாள் கைதட்டிக் கூப்பிட்டாள்.

“டீச்சரு, நடு ரூம்புல உள்தாப்பா கழண்டு கெடக்கு. ஒருத்தி போனா ஒருத்தி காவலுக்கு நிக்க வேண்டியிருக்கு.”

“நான் இப்போ மெம்பர் இல்லையே” என்றேன்.

“அதனால என்ன? நீங்க சொன்னாக் கேக்க மாட்டாகளா?”

கேட்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கூடையை அவளிடமே வைத்துவிட்டு போர்டு ஆபீசுக்கு நடந்தேன். கிளார்க் காப்பி குடிக்கப் போயிருக்கிறார், உட்காருங்கள் என்றான் பியூன். வாசல் பெஞ்சில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள், நானும் உட்கார்ந்தேன்.