எட்டு நூல் பல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கோவில்பட்டியில் எந்தத் தீப்பெட்டி ஆபீஸில் இயந்திரம் நின்றாலும் முதலில் என் லேத் பட்டறைக்குத்தான் ஆள் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாக இருப்பதால் சொல்கிறேன்.

என் மகள் இன்ஜினியரிங் படித்தவள். பருத்திக் காட்டில் தானாக ஊர்ந்து களை எடுக்கும் ரோபோ ஒன்றைச் செய்யத் தொடங்கினாள். அதற்கு விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் எல்லாம் வேண்டும், ஓவியமும் வேண்டும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏட்டி, களை எடுக்கதுக்குப் படம் எதுக்கு?"

"செடி எது, களை எதுன்னு மெஷினுக்குத் தெரியாண்டாமா? காலையில நிமிந்து நிக்க இலை மத்தியானம் தொங்கிருது. நான் வரைஞ்சு பாத்தாத்தானப்பா அதுக்குச் சொல்லிக் குடுக்க முடியும்?"

கரிசல் மண் எப்போது ஒட்டும், எப்போது இறுகும் என்று நோட்டு நோட்டாக வேறு எழுதினாள். சரி, பொறியியல் என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

மண்ணைப் பிடித்து நகர சக்கரத்தைச் சுற்றிப் பல் வைக்க வரைபடம் தந்தாள். பல்லின் உயரம் 8 என்று இருந்தது. எங்கள் பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். அப்படியே செய்துவிட்டேன். எட்டு என்றால் எட்டு என்ன என்று கேட்க நான் என்ன புது ஆளா?

விவசாயிகளை எங்கள் பக்கம் சம்சாரி என்போம். தங்கள் காட்டில் வண்டியை விட முடியாது என்று நான்கு சம்சாரிகள் கையை விரித்த பிறகு இடைசெவல் கிராமத்துக்காரர் ஒருவர் மட்டும் இறங்கி வந்தார். ஒரு வரிசை ஓட்டிக் காட்ட வேண்டும். களை போக வேண்டும், ஒரு செடிகூடச் சாகக் கூடாது. தவறினால் அவர் களைக்கொல்லி மருந்து அடித்துவிடுவார். இவளுக்கு இந்த வருடம் வேறு காடு கிடையாது.

வண்டி அழகாகப் போய்த் திரும்பியது. நான் மீசையைத் தடவினேன். சம்சாரி குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, செடி ஒண்ணும் சாகல. களையும் ஒண்ணும் சாகல. ரொம்ப நல்ல மனசுள்ள மெஷினா இருக்கே!"

மகள் டேப்பை எடுத்துப் பல்லை அளந்தாள்.

"யப்பா, இது எத்தன?"

"எட்டு."

"எட்டு என்ன?"

"எட்டு நூல்."

"மில்லிமீட்டர்னு ஓரத்துல எழுதியிருந்தேனே!"

"பொடி எழுத்துல இங்கிலீசுல எழுதுனா யாரு பாக்கா?"

மண் இறுகிக் கிடந்ததால் பல் உள்ளே இறங்கவில்லை. வண்டி உயர்ந்து நின்று, அடியில் இருந்த களை வெட்டும் கத்தி காற்றை அறுத்திருக்கிறது. பதினேழு மில்லிமீட்டர் இறக்க வேண்டும் என்று அவள் வரப்பிலேயே கணக்குப் போட்டாள். என் பையிலிருந்த வாஷர்களை அடுக்கிக் கத்தியை இறக்கினேன். அவள் அளந்து தலையாட்டிய பிறகுதான் போல்ட்டை முடுக்கினேன்.

அடுத்த வரிசையில் களை சரிந்தது. சம்சாரி செடி செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். மகள் நகத்தைக் கடித்தாள். கடைசிச் செடியில் நிமிர்ந்தார்.

"காடு ஒனக்குத்தான் தாயி. நாளைக்கே கொண்டா. ஒங்கப்பாவ மட்டும் பட்டறையில விட்டுட்டு வா."

மறுநாள் நானும் போனேன். வாஷர் போட்டவன் இல்லாமல் வண்டி எப்படி ஓடும்?